சீனியில்லாச் சீஸ்கேக்கும் சீம்பால் நினைவும்

சென்ற தீபாவளியன்று கிள்ளானில் என் தம்பி வீட்டில் நடைபெற்ற திறந்த இல்ல விருந்தில், வந்தவர்களெல்லாம் நெய்யுருண்டையும் அதிரசமும் வகைவகையான கேக்குகளும் நிறைந்த தட்டுகளை ஏந்திக்கொண்டு கூடத்திலும் வாசற்பந்தலிலும் அமர்ந்து உரையாடிக்கொண்டிருந்த வேளையில், 82 வயதான என் தாயார் மட்டும் சமையற்கட்டு ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சீனி போடாத தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி தனியே அமர்ந்திருந்தார். அவரை அங்கே போய் உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் இருந்தால், விருந்தாளி யாராவது அன்போடு இனிப்புத் தட்டை நீட்டுவார். உடனே பக்கத்திலிருக்கும் எங்களில் ஒருவர், "அம்மாவுக்கு வேண்டாங்க, இனிப்பு நீர் இருக்கு" என்பார். நீட்டிய கை பின்வாங்கும். அந்தச் சங்கடத்தைப் பத்து வருஷ காலமாக அனுபவித்தவர், அதை எல்லோருக்கும் மிச்சப்படுத்தும் பொருட்டே எழுந்து உள்ளே போய்விட்டார் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. இரவு கோமுட்டர் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும் வழி முழுவதும் அந்த நாற்காலியே என் கண்முன் நின்றது.

அதன் பின் நான்கு மாத காலம், ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு உள்ள அவகாசத்தையெல்லாம் செலவிட்டு, மாவுச்சத்து மிகக் குறைந்த சீஸ்கேக் ஒன்றை வீட்டிலேயே செய்யப் பழகினேன். என் வீட்டைப் போலவே உங்கள் வீட்டிலும் ஒரு தாயோ தகப்பனோ இருக்கக்கூடும்; ஆகையால் அந்த விருத்தாந்தத்தை, அளவுகள் உட்பட ஒன்றையும் மறைக்காமல், சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

இந்த வியாதி நம் நாட்டில் பரவியிருக்கும் அளவு சாமானியமன்று. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்திய வம்சாவளியினரிடையே அது ஏறக்குறைய 31 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்திருந்தது என்றாலும், ஆறு பேரில் ஒருவர் என்ற கணக்கு மனத்துக்கு ஆறுதல் தருவதன்று. சீனி மிகுந்த பானங்களுக்கு 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் என்று அரசாங்கம் வரி விதித்தது. நல்ல காரியமே. ஆயினும் விருந்தென்றால் இனிப்பு, இனிப்பென்றால் மரியாதை என்று பழகிப்போன நம் இல்லங்களில், வியாதிக்காரரைக் காப்பாற்ற நாம் கண்டுபிடித்த உபாயம் அவரைப் பந்தியிலிருந்து விலக்கி வைப்பது ஒன்றுதான். அந்த உபாயம் எனக்குச் சம்மதமாக இல்லை.

முதலில் நம்முடைய பக்ஷணங்களையே சீனியின்றிச் செய்து பார்க்கலாம் என்று எண்ணினேன். அதிரசத்தில் தொடங்கினேன். வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டினால் உருள்கிற பதம் பார்த்து, இடித்த பச்சரிசி மாவைக் கொட்டிக் கிளறி, ஒரு நாளாவது ஊறவைத்து, பிறகு தட்டி எண்ணெயில் இடுகிறோமல்லவா, அங்கே வெல்லம் தித்திப்புக்காக மட்டும் வந்து சேரவில்லை. மாவைக் கட்டுவது அதுதான், மென்மை தருவது அதுதான், எண்ணெயில் சிவக்க வைப்பதும் அதுதான். பூந்தி லட்டும் அப்படியே: கம்பிப் பதத்துப் பாகு இறுகுவதனால்தான் பூந்தி உதிராமல் உருண்டையாக நிற்கிறது. மைசூர்பாகுக்கோ பெயரிலேயே பாகு. இவற்றிலிருந்து சீனியையும் வெல்லத்தையும் எடுத்துவிட்டால் தித்திப்போடு பதார்த்தமே போய்விடுகிறது. எஞ்சி நிற்கும் அரிசி மாவும் கடலை மாவும்கூட இரத்தத்தில் சர்க்கரையாக மாறக்கூடியவையே. இரண்டு படி மாவு வீணான பிறகு இந்த உண்மை எனக்குத் தெளிவாயிற்று.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்டுக்கொண்டேன். சீனி வெறும் ருசியாக மட்டும் நின்று, உருவத்தைத் தாங்கும் பொறுப்பை வேறொன்று ஏற்றுக்கொண்டிருக்கிற இனிப்பு எது? பாலும் முட்டையும் சேர்ந்த இனிப்புகளே அந்த இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் சீஸ்கேக்கை நான் தேர்ந்ததற்குக் காரணம், பெயரில் கேக் என்ற சொல் இருந்தபோதிலும் யதார்த்தத்தில் அது கேக்கே அன்று என்பதுதான். முட்டையின் புரதம் சூட்டினால் இறுகி, பாலின் கொழுப்பைத் தன்னுள் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவகைப் புட்டிங் அது. மாவு அடியில் இருக்கும் பிஸ்கட் தளத்தில் மட்டுமே உண்டு, அதை மாற்றிவிடலாம். சீனி ருசிக்கு மட்டுமே உண்டு, அதையும் மாற்றிவிடலாம். உருவம் குலையாது.

இந்தப் பதார்த்தத்தின் வயதும் எனக்கு ஆச்சரியமளித்தது. கிறிஸ்துவுக்கு முன் 160-ஆம் ஆண்டையொட்டி ரோமாபுரியில் கேட்டோ என்பவர் விவசாயத்தைப் பற்றி எழுதிய நூலில், இரண்டு பங்கு பாற்கட்டியை நசுக்கி, ஒரு பங்கு மாவும் ஒரு முட்டையும் சேர்த்துப் பிசைந்து, இலைகளின்மேல் வைத்து, சூடான அடுப்புத் தரையில் சட்டி கவிழ்த்து வேகவைக்கும்படி 'லிபும்' என்ற பலகாரத்துக்குச் செய்முறை சொல்லியிருக்கிறார். இலையில் வைத்து வேகவைப்பது நமக்கு அந்நியமான முறையன்று. இன்று நாம் வாங்குகிற கிரீம் சீஸோ மிகவும் பிற்காலத்தது: நியூயார்க் மாநிலத்துச் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் 1872-ல் அதைச் செய்தார், 1880-ல் பிலடெல்பியா என்ற வணிகப் பெயர் அதற்கு அமைந்தது. ஸ்பெயின் தேசத்துச் சான் செபாஸ்தியான் நகரில் லா வின்யா என்ற உணவகம் 1990-ஐயொட்டி அடித்தளமே இல்லாத, மேற்புறம் கருகச் சுட்ட ஒரு வகையை உண்டாக்க, கோலாலம்பூரின் காப்பிக் கடைகளில் இப்போது அதற்குத்தான் பெருமதிப்பு.

மாவுச்சத்தைக் குறைத்து உண்பது இக்காலத்து நவீன வழக்கம் என்று கருதுவோர் உண்டு. அவ்வாறன்று. லண்டனில் சவ அடக்கத்துக்கான ஏற்பாடுகள் செய்யும் தொழிலை நடத்திவந்த வில்லியம் பேண்டிங் என்பவர், தம் வைத்தியர் சொற்படி ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றை விலக்கி உடல் இளைத்த அனுபவத்தை 1863-ல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். அது பரவிய வேகத்தில் அவர் பெயரே ஆகாரக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் வினைச்சொல்லாகிவிட்டது. பிறகு 1921-ல் டொரோண்டோவில் பிரெடெரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தனர். அதற்கு முன்வரை நீரிழிவுக்காரரின் ஆகாரத்தைக் கடுமையாகக் குறைப்பதைத் தவிர வைத்தியர்களுக்குப் பெரிதாக வேறு வழி இருக்கவில்லை. என் தாயார் பிறந்து வளர்ந்ததோ சிலாங்கூரில் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ரோமன் எழுத்தில் அந்த ஊர்ப் பெயரும் இந்தப் பேண்டிங்குகள் இருவர் பெயரும் ஒன்றே. ஊருக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் உண்டென்று நான் சொல்லவில்லை. அம்மாவின் ஊர்ப் பெயரை அவருடைய வியாதியின் சரித்திரத்தில் இருமுறை கண்டபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

இனி, சீனிக்கு மாற்று. இதில்தான் சிரத்தை அதிகம் வேண்டும். நான் பயன்படுத்துவது எரித்ரிட்டால் என்ற வெண்மையான பொடி. சீனியின் தித்திப்பில் 60 முதல் 70 விழுக்காடு அதற்கு உண்டு; சரீரம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, மாற்றமின்றிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால் இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய அசைவதேயில்லை. ஆனால் 2023-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் ஆராய்ச்சியாளர்கள், இரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் நேர்ந்ததாக 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினார்கள். எரித்ரிட்டாலே அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை; எனினும் வயதானவருக்குக் கொடுக்கிற பொருளில் அலட்சியம் கூடாதென்று அதன் அளவைப் பாதியாக்கி, மீதித் தித்திப்புக்கு லோ ஹான் குவோ பழத்தின் சாற்றுப் பொடியைச் சிறிது சேர்க்கிறேன். சீன மருந்துக் கடைகளில் கபில நிற உருண்டைக் காய்போல் அடுக்கி வைத்திருப்பார்களே, இருமலுக்குக் காய்ச்சிக் குடிக்க வாங்குவோமே, அந்தப் பழந்தான். வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தை அவசியம் படியுங்கள். 'சீனி சேர்க்காதது' என்று முன்புறம் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பண்டங்கள் பலவற்றில் மால்டிட்டால் இருக்கும். அது இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றக்கூடியது. சில பொடிகளில் மால்டோடெக்ஸ்டிரினோ டெக்ஸ்டிரோஸோ கலந்திருக்கும். அவை சீனிக்கு இளைத்தவை அல்ல.

முதல் கேக் பார்வைக்கு அழகாகவே அமைந்தது. குளிர்பெட்டியில் ஓர் இரவு இருந்தபின் வெட்டி வாயில் இட்டால், மணல் கடிப்பதுபோல் நறநறத்தது. நாவில் சில்லென்று ஒரு குளிர்ச்சியும் பரவிற்று. காரணம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எரித்ரிட்டால் தண்ணீரில் சீனி அளவுக்குக் கரைவதில்லை. குளிர்ந்ததும் மீண்டும் பரல்களாகப் பிரிந்து விடுகிறது. கரையும்போது சுற்றிலுமுள்ள சூட்டை இழுத்துக்கொள்வதால் நாக்கு குளிர்கிறது. அளவைக் குறைத்து, மிக்சியின் உலர்ந்த ஜாடியில் மாவாக அரைத்துச் சேர்த்ததும் இரண்டு குறைகளும் நீங்கின. இரண்டாவது கேக் நடுவில் வயல்வெடிப்பாய்ப் பிளந்தது. மூன்றாவதில் வெந்நீர்த் தட்டில் வைத்த டின்னின் இடுக்கு வழியே தண்ணீர் புகுந்து அடித்தளம் கஞ்சியாயிற்று. நான்காவதிலிருந்து நான் கைக்கொண்டுவரும் முறை பின்வருவது.

அடித்தளத்துக்கு 100 கிராம் பாதாம் மாவும், சீனி கலவாத உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராமும் எடுத்துக்கொள்கிறேன். ரெண்டாங்குக்குக் கெரிசிக் வறுப்போமே, அதே பொறுமையோடு துருவலை இளந்தீயில் பொன்னிறமாக வறுக்க வேண்டும். ஆனால் கெரிசிக்கைப்போல் எண்ணெய் கசியும்வரை இடித்துவிடாமல், கையால் நொறுக்கினால் போதும். பிஸ்கட் இல்லாத குறையை ஈடுசெய்வது இந்த வறுத்த தேங்காயின் வாசனைதான். உருக்கிய வெண்ணெய் 60 கிராமும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துப் பிசறி, பக்க வளையம் கழலும் 18 சென்டிமீட்டர் டின்னில் அழுத்திப் பரப்பி, 160 டிகிரியில் பன்னிரண்டு நிமிஷம் சுட்டு ஆறவைக்கிறேன்.

மேற்பகுதிக்கு 500 கிராம் கிரீம் சீஸ். அதைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அடித்தால் கட்டி கட்டியாக நிற்கும். நம் ஊர் உஷ்ணத்தில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் வெண்ணெய்போல் குழைந்துவிடும். அரைத்த எரித்ரிட்டால் 60 கிராமும் பழச்சாற்றுப் பொடியும் சேர்த்து மெல்லக் குழைத்து, துணியில் கட்டி நீர் வடித்த கெட்டித் தயிர் 120 கிராம், லிமாவ் கஸ்தூரிச் சாறு ஒரு தேக்கரண்டி, கடைசியாக முட்டை மூன்றை ஒவ்வொன்றாக இட்டுக் கலக்குகிறேன். பழச்சாற்றுப் பொடியின் வீரியம் கடைக்குக் கடை வேறுபடுவதால், முட்டை சேர்ப்பதற்கு முன்பே ருசி பார்த்து அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முட்டை சேர்த்தபின் வேகமாக அடிக்கலாகாது. உள்ளே புகுகிற காற்று ஓவனில் உப்பி, வெளியே வந்ததும் அமிழ்ந்து, அதனால்தான் கேக் பிளக்கிறது. டின்னின் வெளிப்புறத்தை அலுமினியத் தாளால் இரண்டு சுற்றுச் சுற்றி, வெந்நீர் ஊற்றிய பெரிய தட்டில் இறக்கி, 150 டிகிரியில் ஐம்பது முதல் அறுபது நிமிஷம் வைக்கிறேன். என் மேஜை ஓவன் 150 என்று காட்டும்போது உள்ளே 170 இருந்ததைச் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கி உள்ளே வைத்த பிறகே அறிந்தேன். இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் அந்தக் கருவியை வாங்கும்படி எல்லோரையும் வற்புறுத்துகிறேன். ஓரம் இறுகி, நடுவில் உள்ளங்கையகலம் மட்டும் தளதளவென்று ஆடும்போது ஓவனை அணைத்துவிட வேண்டும். நன்றாக வெந்துவிட்டதா என்ற சந்தேகத்தில் இன்னும் பத்து நிமிஷம் விடுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. கதவைச் சற்றே திறந்துவைத்து ஒரு மணி நேரம், பிறகு வெளியே ஆறவைத்து, குளிர்பெட்டியில் எட்டு மணி நேரம். எரித்ரிட்டால் சீனியைப்போல் சிவக்காது. ஆதலால் மேற்புறம் வெளிறியிருப்பது குற்றமன்று. முட்டை சேர்க்காதவர்கள் அகார் அகார் காய்ச்சி ஊற்றி, சுடாமலே உறையவைக்கலாம். ருசி வேறாயினும் நன்றாகவே இருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கிரீம் சீஸிலிருந்து 25 கிராம், தயிரிலிருந்து 5, பாதாமிலிருந்து நார்ச்சத்து நீங்கலாக 10, தேங்காயிலிருந்து 4, முட்டையிலிருந்து ஒன்றரை. ஆக முழுக் கேக்கிலும் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. பன்னிரண்டு துண்டாக வெட்டினால் துண்டுக்கு 4 கிராம்கூட இல்லை. பிஸ்கட்டும் சீனியும் இட்டு அதே அளவில் செய்தால் ஒரு துண்டில் 20 கிராமுக்கு மேல் போகும். ஆனால் கிரீம் சீஸின் கொழுப்பு கொஞ்சநஞ்சமன்று. ஒரு துண்டு என்றால் ஒரு துண்டே. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று அன்றாட ஆகாரத்தின் மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கோ வேறு கட்டுப்பாடுகள் உண்டு. அம்மாவின் வைத்தியரிடம் பொருள்களின் பட்டியலைக் காட்டி, அவர் சம்மதித்த பிறகே அம்மாவுக்குக் கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யவேண்டும்.

நான்காவது கேக்கைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, மடியில் இருத்திக்கொண்டு, கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ஏறினேன். துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளும் பலகாரக் கடைகளும் கண்ணிலிருந்து மறைந்து, அங்காசாபுரி, பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் கடந்துபோகும் அந்த ஒரு மணி நேரமும், செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸில் நான் சுட்டெடுத்த இந்தச் சிறு பண்டம் குலுக்கலில் உடையாதிருக்க வேண்டுமே என்ற கவலை தவிர எனக்கு வேறு சிந்தனை இல்லை.

அம்மா முதலில் மறுத்தார். "எனக்கெதுக்கு பாப்பா, பிள்ளைங்களுக்குக் குடு" என்றார். அறுபது வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான். "இது உனக்காகத்தான் செஞ்சதும்மா, சீனி ஒரு பொட்டு இல்ல, சாப்பிட்டுப் பாரு" என்று ஒரு துண்டைத் தட்டிலிட்டுக் கையில் கொடுத்தேன். கரண்டியால் ஓரத்தைக் கிள்ளி வாயிலிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "சீம்பாலு மாதிரியே இருக்கு" என்றார்.

சீம்பாலை இக்காலத்துப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். பசு கன்று ஈன்ற முதல் சில நாட்களின் பால் அது. புரதம் மிகுந்திருப்பதால், வேறெதுவும் சேர்க்காமலே ஆவியில் வைத்தால் தானாக இறுகி, கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். சீஸ்கேக்கில் முட்டை செய்கிற காரியத்தை அங்கே பாலே செய்துகொள்கிறது. தோட்டத்து லயத்துக்குப் பின்னால் என் பாட்டனார் இரண்டு மாடுகள் வைத்திருந்ததையும், கன்று ஈன்றதென்றால் பால்மரம் வெட்டப் போகுமுன் விடியற்கருக்கலிலேயே பாட்டி சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் தட்டிப்போட்டு அடுப்பேற்றிவிட்டுப் போனதையும், மாலையில் அதை வில்லை வில்லையாக வெட்டி, வாழையிலை நறுக்குகளில் வைத்து, லயத்தின் பன்னிரண்டு வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தது சிறுமியான தாம்தான் என்பதையும் அன்று மாலை அம்மா சொல்லக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை அவர் சொன்னதே இல்லை, நாங்களும் கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் கழித்து விரலில் ஊசி குத்திப் பார்த்தோம். சாப்பிடுமுன் 6.8 மில்லிமோல் இருந்தது, இப்போது 7.1.

புறப்படும்போது ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "ஏலக்கா போடு பாப்பா."

அடுத்த கேக்கில் ஏலக்காய் ஆறு தட்டிப்போட்டேன். அன்று என்னை வெட்டவிடாமல் கத்தியைத் தாமே வாங்கிக்கொண்டு, வெந்நீரில் நனைத்து நனைத்துத் துடைத்து, பன்னிரண்டு துண்டுகளாக அளந்து வெட்டினார். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக இரண்டு துண்டுகளைக் கொல்லையிலிருந்து வாழையிலை நறுக்கச் சொல்லி அதில் வைத்து, பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளுக்காக வேலியோரம் எடுத்துச் சென்றார். அந்த அம்மாளுக்கும் இதே வியாதி, இதே மாத்திரை. இனிப்பென்று கண்டதும் அவர் கையை ஆட்டி வேண்டாமென்றார். "தா அடா கூலா, தா அடா கூலா", சீனி இல்லை, சீனி இல்லை என்று மலாயில் சொல்லியபடி என் தாயார் வேலிக்கு மேலே இலையை நீட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு கேக்குகள் சுடுகிறேன். ஒன்று அந்தப் பக்கத்து வீட்டுக்கு.